அமெரிக்கா போகும் மனைவிக்கு முப்பது நாள் கெடு

பெண்ணுக்குத் தைராய்டு இருக்கிறது என்று ஜாதகத்தோடு சேர்த்து எழுதிக் கொடுக்கிற வீடு நம்மிடையே எத்தனை? வரன் பேசும்போது மூடி வைத்த நோயை, இன்ஷூரன்ஸ் விண்ணப்பம் நிரப்பும்போதும் மூடித்தான் வைக்கிறோம். பிறகு அமெரிக்க மாப்பிள்ளையோடு மகளை விமானம் ஏற்றும் நாளில், பெட்டிக்குள் மூன்று மாத மாத்திரையைத் திணித்துவிட்டு அம்மா காதோடு சொல்லி அனுப்புவார்: “அங்கே போய் யார்கிட்டயும் சொல்லிக்காதே கண்ணு. தெரிஞ்சா இன்ஷூரன்ஸ் குடுக்கமாட்டாங்களாம்.”

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்த்த இன்ஷூரன்ஸ் அப்படி. இந்தியாவில் தனியாக மெடிக்ளெய்ம் எடுக்கப்போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 48 மாதம் வரை இருந்ததைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல்தான் அதிகபட்சம் 36 மாதம் என்று குறைத்தது. நோயைச் சொன்னால் பிரீமியம் ஏறும், சில சமயம் பாலிசியே கிடைக்காது. சொல்லாமல் விட்டால் கிளெய்ம் அன்றைக்கு மாட்டிக்கொள்வோம்.

ஆனால் அமெரிக்காவைப் பற்றிய அந்தப் பயம் காலாவதியாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு அங்கே போகிற பெண்ணின் இன்ஷூரன்ஸைக் கெடுப்பது இன்றைக்குப் பெரும்பாலும் அவரது நோய் அல்ல, காலண்டர்.

பழைய கதை

2000-களில் அமெரிக்கா போன மென்பொருள் தலைமுறையைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அது பொய்யில்லை. தனிநபராக பாலிசி வாங்கப்போனால், பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனி மருத்துவ வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும். சர்க்கரை நோயா, வேண்டாம். புற்றுநோய் வந்து குணமானவரா, வேண்டாம். கர்ப்பிணியா, பிரசவம் முடிந்து வாருங்கள். அலுவலகத்து குரூப் பாலிசியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்தில் சிகிச்சை எடுத்த நோய் என்றால், 12 மாதம் வரை அதற்குப் பணம் தராமல் இருக்க 1996-ம் வருடத்துச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. முந்தைய காப்பீட்டுக்கும் புதியதற்கும் நடுவே 63 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், பழைய காப்பீட்டைக் காட்டி அந்தக் காத்திருப்பைக் குறைக்கவும் முடியாது.

2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதைத் தலைகீழாக்கியது. 2014 ஜனவரி 1 முதல், அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பாலிசி எதிலும் நோயைக் காரணம் காட்டி ஆளை மறுக்க முடியாது, பிரீமியத்தைக் கூட்ட முடியாது, காத்திருப்புக் காலம் வைக்க முடியாது. தனிநபர் பாலிசியின் பிரீமியத்தை வயது, ஊர், எத்தனை பேர், புகையிலைப் பழக்கம் உண்டா என்ற நான்கை வைத்துத்தான் நிர்ணயிக்கலாம். பெண் என்பதற்காகக் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்த வழக்கமும் அதோடு ஒழிந்தது.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான். இந்தச் சட்டம் குடியுரிமை கேட்கவில்லை. ‘சட்டப்படி நாட்டில் இருப்பவர்’ என்றால் போதும். ஹெச்-1பி கணவரின் ஹெச்-4 மனைவி, எல்-2, மாணவரின் மனைவிக்கான எஃப்-2, கிரீன் கார்டு வைத்திருப்பவர் எல்லோரும் இதற்குள் வருவார்கள். அரசு நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தையில் ஹெச்-4 பெண் தன் பெயரிலேயே பாலிசி வாங்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட்டும் ஐ-94 பதிவும் போதும். அந்த விண்ணப்பத்தில் சுகர் இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா என்ற கேள்வி கிடையாது. கேட்காத கேள்விக்கு எதற்கு மறைப்பு?

தை மாதக் கல்யாணம், ஆடி மாத விசா

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மூன்று வார லீவு. மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு டல்லாஸ் திரும்பிவிடுகிறார். கல்யாணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றி, தூதரகத்தில் விசா தேதி வாங்கி, பெண் விமானம் ஏறும்போது ஆடி பிறந்துவிடுகிறது. இறங்கிய வாரமே கணவர் அலுவலக ஹெச்.ஆருக்கு எழுதுகிறார்: மனைவி வந்துவிட்டார், இன்ஷூரன்ஸில் சேருங்கள். பதில் வருகிறது: மன்னிக்கவும், உங்கள் கல்யாணம் நடந்து முப்பது நாள் தாண்டிவிட்டது. அடுத்த வாய்ப்பு வருடக் கடைசி ஓபன் என்ரோல்மென்ட்டில். காப்பீடு ஜனவரியில் தொடங்கும்.

இதில் நோய் எங்கே வந்தது? வரவே இல்லை. ஆனால் முடக்குவாதத்துக்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணாக இருந்தால், ஆடியிலிருந்து ஜனவரி வரை அவருக்கு என்ன வழி?

அமெரிக்கச் சட்டப்படி, கல்யாணம் நடந்தால் மனைவியை அலுவலக பாலிசியில் சேர்க்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். கெடு ஓடத் தொடங்குவது தாலி கட்டிய நாளிலிருந்து. விமானம் இறங்கிய நாளிலிருந்து அல்ல. வெளிநாட்டிலிருந்து துணைவர் வந்து சேர்ந்ததையே தனி நிகழ்வாகக் கணக்கில் எடுத்து, மறுபடி 30 நாள் கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு. இந்தியாவில் பெண் வேலையை விட்டதால் அங்கிருந்த குரூப் காப்பீடு போய்விட்டது என்று கடிதம் காட்டினால் ஏற்கிற நிறுவனங்களும் உண்டு. அதை அந்தந்த பாலிசியின் விதிப்புத்தகம்தான் தீர்மானிக்கும். ஆகவே வேலையை விடுகிற பெண், ரிலீவிங் லெட்டரோடு, காப்பீடு எந்தத் தேதியோடு முடிந்தது என்ற கடிதத்தையும் ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. மனைவி இந்தியாவில் இருக்கும்போதே, கல்யாணமான முப்பது நாளுக்குள் அவர் பெயரை அலுவலக பாலிசியில் சேர்த்துவிடுவது. அனுமதிக்கிற பாலிசியாக இருந்தால் சில மாத பிரீமியம் வீண்தான். ஆனால் நாள்பட்ட நோய் உள்ள பெண் என்றால், என் கணக்கில் அது வீண் செலவே இல்லை. மண்டபத்துக்கும் டிரோன் கேமராவுக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி.

அலுவலகம் கைவிட்டால் அரசுச் சந்தை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்தவருக்கு, வந்த நாளிலிருந்து 60 நாள் சிறப்பு அனுமதி உண்டு. அதற்கு முன்னால் காப்பீடு வைத்திருந்தாரா என்று வெளிநாட்டிலிருந்து வருபவரைக் கேட்பதில்லை. பொதுவாக, பாலிசியைத் தேர்வு செய்த அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காப்பீடு தொடங்கும். இந்த அறுபதும் தவறினால் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதுதான். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் சொந்தமாகச் சந்தை நடத்துகின்றன; டெக்சாஸ்காரர்கள் மத்திய அரசின் ஹெல்த்கேர் டாட் ஜிஓவி தளத்துக்குப் போக வேண்டும்.

சரி, கணவரின் நிறுவனம் மனைவிக்குக் காப்பீடு தந்தே ஆக வேண்டுமா? வேண்டாம் என்கிறது சட்டம். ஐம்பது அல்லது அதற்கு மேல் முழுநேர ஊழியர் உள்ள நிறுவனம் ஊழியருக்கும் 26 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் காப்பீடு வழங்காவிட்டால் அபராதம். துணைவருக்கு வழங்காவிட்டால் அபராதம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் வழங்குகின்றன. ஹெச்-1பி ஆட்களை வாங்கி வேறு கம்பெனிக்கு அனுப்புகிற சிறிய கன்சல்டன்சிகளில்தான் கவனம் வேண்டும்: மனைவிக்குரிய பிரீமியம் முழுவதையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அல்லது மனைவிக்கு இடமே இருக்காது. சம்பளம் எவ்வளவு என்று துருவிக் கேட்கிற மாமனார்கள், இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

டிக்கெட்டோடு வாங்கும் பாலிசி

பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது. விமான டிக்கெட் போடும்போதே டிராவல் ஏஜென்ட் ஒரு விசிட்டர் இன்ஷூரன்ஸைத் தலையில் கட்டுவார். விலை மலிவு, அட்டையில் பெரிய தொகை அச்சிட்டிருக்கும். ‘அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது’ என்று குடும்பமே நிம்மதியாகிவிடும்.

அந்த பாலிசி 2010 சட்டத்துக்குள் வராது. ஏற்கெனவே உள்ள நோயை அது பொதுவாக ஒதுக்கிவிடும். சிலவற்றில் ‘அக்யூட் ஆன்செட்’ என்று ஒரு சலுகை உண்டு. உள்ள நோய் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று முற்றி, குறித்த சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை போனால் ஒரு வரம்பு வரை தருவார்கள். மாதாந்திர ரத்தப் பரிசோதனை, இன்சுலின், கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிற சிறுநீரகம், இதெல்லாம் திடீர் கணக்கில் சேராது. பெற்றோர் பேரன் பார்க்க மூன்று மாதம் போய்வர அது உதவலாம். குடித்தனம் நடத்தப்போகிற மனைவிக்கு அது காப்பீடே இல்லை என்றுதான் சொல்வேன்.

அதிலுள்ள உள்குத்து அந்த ஒதுக்கலை விடப் பெரியது. ஆறு மாதத்துக்கு விசிட்டர் பாலிசி எடுத்துவிட்டு, அது முடிந்ததும் அரசுச் சந்தைக்குப் போய் ‘என் காப்பீடு முடிந்துவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் சேர்க்கமாட்டார்கள். முழுக் காப்பீடு ஒன்றை இழந்தால்தான் அந்தச் சலுகை. விசிட்டர் பாலிசியை இழப்பது இழப்பாகவே கணக்கில் வராது. வந்ததற்குரிய 60 நாளும் அதற்குள் போயிருக்கும். போனில் விற்கப்படுகிற குறுகிய காலத் திட்டங்களும் இதே ரகம். அவற்றில் நோய்க் கேள்விகள் இருக்கும். ‘கடந்த ஐந்து வருடத்தில் சிகிச்சை எடுத்தீர்களா’ என்று ஒரு விண்ணப்பம் கேட்டால், அது 2010 சட்டத்தின் பாலிசி இல்லை என்று அந்த இடத்திலேயே புரிந்துகொள்ளலாம்.

ஆராய்ச்சிக்காக ஜே-1 விசாவில் போகிறவர்களின் மனைவிக்கு விதி வேறு. ஜே-2 துணைவருக்கும் காப்பீடு கட்டாயம். ஆனால் அந்த விதிக்காக வாங்கும் மலிவு பாலிசி, பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைத்துக்கொள்ளலாம். விதியை நிறைவேற்றுவது வேறு, நோய்க்குப் பணம் கிடைப்பது வேறு.

அட்டை கைக்கு வரும் முன்னும் பின்னும்

நோயைச் சொல்லலாம் என்று மட்டுமல்ல, சொல்லியே ஆக வேண்டும்; திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். பிரீமியம் குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு திட்டத்தை எடுத்துவிட்டு, தான் சாப்பிடும் மருந்து அதன் பட்டியலிலேயே இல்லை என்று பிறகு தெரிந்துகொள்வது நம்மவர்களிடம் சாதாரணம். திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நாளமில்லாச் சுரப்பி நிபுணரோ, மூட்டு மருத்துவரோ அந்தத் திட்டத்தின் மருத்துவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று பாருங்கள். விலை உயர்ந்த ஊசி மருந்தென்றால் முன் அனுமதி கேட்பார்கள். முதலில் மலிவு மருந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வா என்பார்கள். அதையெல்லாம் ஏற்கெனவே இந்தியாவில் போட்டுப் பார்த்தாயிற்று என்று நிரூபிக்க, சென்னை மருத்துவரின் பழைய சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். மருந்தின் வேதிப் பெயரையே எழுதி வாங்குங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்குள்ள பார்மசியில் யாருக்கும் தெரியாது.

செலவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு என்பது இந்தச் சட்டம் தந்த பெரிய ஆறுதல். டிடக்டிபிள், கோ-பே எல்லாம் சேர்த்து, நெட்வொர்க்குக்குள் ஒருவர் கைக்காசு போடுவது 2025-ல் 9,200 டாலரைத் தாண்டக் கூடாது. 2026-க்கு 10,600 டாலர். சிறிய தொகை இல்லை. ஆனாலும் டயாலிசிஸோ கீமோதெரபியோ எடுப்பவருக்கு இந்தக் கோடு இல்லாவிட்டால் வீடே போய்விடும்.

கணவரின் வேலையில் தொங்கும் உயிர்

இதுவரை சொன்னது நடைமுறைச் சிக்கல். இனி வருவது அடிப்படைச் சிக்கல். ஹெச்-4 பெண்ணின் மருந்து, மருத்துவர், ஊசி எல்லாம் கணவரின் வேலை என்ற ஒரே ஆணியில் மாட்டியிருக்கின்றன. அவர் தானே வேலைக்குப் போய்ச் சொந்தக் காப்பீடு பெறலாம் என்றால், வேலை அனுமதி எல்லோருக்கும் இல்லை. 2015 மே 26-லிருந்து ஹெச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுமதி உண்டு. பெரும்பாலும் கணவருக்குக் கிரீன் கார்டு வழியில் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அது உடனே கைகூடுவது அபூர்வம்.

கணவருக்கு லே-ஆஃப் வந்தால் பல கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். வேறு வேலை தேட அல்லது நாட்டை விட்டுக் கிளம்ப குடியேற்றத் துறை தருவது அதிகபட்சம் 60 நாள். அலுவலகக் காப்பீடு கடைசி வேலை நாளோடோ, அந்த மாதக் கடைசியோடோ முடியும். அரசுச் சந்தைக்குப் போக 60 நாள். ‘கோப்ரா’ என்ற 1985-86 காலத்துச் சட்டப்படி பழைய பாலிசியையே 18 மாதம் வரை தொடரலாம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நிறுவனம் செலுத்திவந்த பங்கையும் சேர்த்து, 102 சதவிகிதம் வரை நாமே கட்ட வேண்டும். வேலை போன நேரத்தில் அந்தத் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் ஒரு நல்ல அம்சம்: கோப்ராவில் சேர்வதா என்று முடிவெடுக்க 60 நாள் உண்டு, சேர்ந்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே கணக்காகும். நடுவில் மனைவி மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அப்போது சேர்ந்து, நின்ற நாளிலிருந்துள்ள பிரீமியத்தைக் கட்டி அந்த பில்லையும் உள்ளே கொண்டுவரலாம்.

மணவாழ்க்கை கசந்துபோன பெண்ணின் நிலை இதைவிட மோசம். விவாகரத்தானால் ஹெச்-4 தகுதியே போய்விடும். காப்பீட்டுச் சட்டம் மட்டும் பார்த்தால் அவருக்கு 36 மாத கோப்ரா உரிமை இருக்கிறது. 60 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விசா சட்டம் ‘கிளம்பு’ என்கிறது, காப்பீட்டுச் சட்டம் ‘மூன்று வருடம் இரு’ என்கிறது. இன்சுலினை நம்பி வாழும் பெண், அடிக்கிற கணவரைப் பொறுத்துப்போவதற்கு இன்ஷூரன்ஸ் அட்டையும் ஒரு காரணமாகலாம். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இது உறைக்க வேண்டும்.

இதே பெண் லண்டனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால்? விசா கட்டணத்தோடு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கூடுதல் வரி. முதல் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்டு. அதன்பின் தேசிய சுகாதாரச் சேவையில் என்ன நோய், எப்போதிருந்து என்ற கணக்கே இல்லை. கனடாவில், அதிக மருத்துவச் செலவு வைக்கும் நோயாளிகளுக்குக் குடியேற்றம் மறுக்கலாம் என்ற விதியிலிருந்து, குடும்ப வழியில் வரும் மனைவிக்கும் கணவருக்கும் விலக்கு உண்டு. அங்கேயும் வரிசையும் காத்திருப்பும் உண்டுதான். ஆனால் கணவரின் வேலை போனால் மருந்தும் போகும் என்ற பயம் இல்லை.

இனி மாறப்போவது

2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், 2027 ஜனவரி 1 முதல் அரசுச் சந்தையின் பிரீமியச் சலுகையைக் கிரீன் கார்டு உள்ளவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஹெச்-4, ஹெச்-1பி, எஃப்-2 எல்லாம் வெளியே. அவர்கள் பாலிசி வாங்கலாம், நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆனால் முழு விலை. கொரோனா காலத்தில் உயர்த்திய கூடுதல் சலுகை 2025 டிசம்பரோடு முடியும்படி சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அது இல்லாமல் பழைய வரம்பின்படி பார்த்தால், 2026-ல் இருவர் கொண்ட குடும்பத்தின் வருமானம் 84,600 டாலரைத் தாண்டினால் சலுகை கிடையாது. ஹெச்-1பி சம்பளம் வாங்கும் பல வீடுகள் அதற்கு மேலேதான் இருக்கும். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கும், ஏழைகளுக்கான மெடிகெய்ட் பொதுவாக முதல் ஐந்து வருடம் இல்லை.

கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையைப் பற்றியும் வதந்திகள் நிறைய. அதில் முக்கியமாகத் தேடுவது காசநோய், சிஃபிலிஸ், கொனோரியா, தொழுநோய் ஆகியவை. தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். எச்.ஐ.வி. 2010 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீங்கியது. தைராய்டும் ஆஸ்துமாவும் தொற்றுநோய்ப் பட்டியலில் இல்லை. ஆனால் காற்று மாறுகிறது. ‘வந்த முப்பது நாளில் இன்ஷூரன்ஸ் எடுப்பேன் என்று நிரூபி’ என்று குடியேறுபவர்களைக் கேட்ட 2019-ம் வருட உத்தரவை நீதிமன்றம் நிறுத்தியது. பைடன் 2021-ல் ரத்து செய்தார். 2025 நவம்பரிலோ, சர்க்கரை, உடல் பருமன், இதய நோய் போன்றவற்றின் எதிர்காலச் செலவை விண்ணப்பதாரர் தாங்குவாரா என்று பார்க்கும்படி விசா அதிகாரிகளுக்கு வெளியுறவுத் துறை அறிவுறுத்தியதாகச் செய்தி வந்தது. நிரந்தரக் குடியேற்ற விசா கேட்பவர்கள், நோயை மறைப்பதற்குப் பதில் வருமானமும் காப்பீடும் இருப்பதைக் காட்டும் காகிதங்களோடு போக வேண்டும். பரிசோதனை மருத்துவரிடம் பொய் சொல்லி மாட்டினால் அது நோயைவிடப் பெரிய தடை.

எல்லாக் கெடுவும் தவறிப்போனவருக்கும் வழி அடியோடு அடைபடவில்லை. 1986-ம் வருடச் சட்டப்படி அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் பார்க்காமல் அனுப்ப முடியாது. ஆனால் பில் பின்னாலேயே வரும். வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமுதாய சுகாதார மையங்கள் பல ஊர்களில் உண்டு. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்கச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. பில் வந்ததும் பயந்து கிரெடிட் கார்டைத் தேய்க்காமல், அந்த விண்ணப்பத்தைக் கேளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே மாப்பிள்ளை தன் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்பட்டும். மனைவியைச் சேர்க்க எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள், அவர் இந்தியாவில் இருக்கும்போதே சேர்க்கலாமா, அமெரிக்கா வந்து இறங்குவது தனி நிகழ்வாகக் கணக்காகுமா என்ற நான்கு கேள்விகள் போதும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கதவு மூடியிருந்தால், பெண் அமெரிக்காவில் இறங்கிய வாரமே கூப்பிட வேண்டிய மத்திய அரசுச் சந்தையின் கட்டணமில்லா எண் 1-800-318-2596. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.